இறக்கும்போதும் "ஐலசா" சொல்லுங்கள்!

"தம்பி! கையை எடு!"

இடி விழுந்தது போல ஓர் அதட்டல். திடுக்கிட்டுக் கையை இழுத்துக் கொண்டேன்.

சென்னையில் ஒரு பழைய மாடி வீடு. அதை இடித்துக் கொண்டு இருந்தார்கள். பார்க்கப் போன நான், காலடியில் கிடந்த தரை ஓடு ஒன்றைக் கண்டேன். பூ வேலை செய்த அழகான ஓடு. எடுக்கக் குனிந்தேன். அப்போதுதான் அந்த அதட்டல்!

அதட்டியவர் ஒரு பெரியவர். வயது 60-ஐத் தாண்டி இருக்கும். தலையில் முண்டாசு. கையில் கடப்பாரை. அருகில் வந்தார். கடப்பாரையின் நுனியால் அந்த ஓட்டை மெல்லப் புரட்டினார்.

ஓட்டுக்கு அடியில் ஒரு கருந்தேள்! கொடுக்கைத் தூக்கிக் கொண்டு நின்றது.

"கை வைக்கும் முன்பு கண் வைக்க வேண்டும், தம்பி. எங்கள் தொழிலில் அதுதான் முதல் பாடம்" என்றார் பெரியவர்.

நன்றி சொல்லிக் கை கூப்பினேன். அவரும் கூப்பினார். அப்போதுதான் கவனித்தேன். அவருடைய வலது கையில் மூன்று விரல்களே இருந்தன. சுண்டு விரலும் மோதிர விரலும் இல்லை!

"இது இரண்டாவது பாடம். கொஞ்சம் காத்திருங்கள். டீ வரட்டும், சொல்கிறேன்" என்று சிரித்தார்.

எந்திரம் இருக்கும்போது கை எதற்கு?

"வீட்டை இடிக்கத்தான் எந்திரம் வந்து விட்டதே! இன்னும் எதற்குக் கையால் அள்ள வேண்டும்?" என்று நீங்கள் கேட்கலாம். நானும் அதைத்தான் கேட்டேன்.

எந்திரம் இடிக்கும். ஆனால் பொறுக்காது!

பழைய வீட்டில் கதவு இருக்கிறது. சன்னல் இருக்கிறது. தேக்கு உத்திரம் இருக்கிறது. செங்கல், இரும்புக் கம்பி எல்லாம் இருக்கின்றன. இவை எல்லாம் காசு. வீட்டை இடிக்கும் காண்டிராக்டருக்கு லாபமே இவற்றில்தான். எந்திரத்தை விட்டால் தேக்கும் செங்கல்லும் தூள் ஆகிவிடும். ஆகவே உடையாமல் எடுக்க மனிதக் கைதான் வேண்டும்.

இன்னொரு காரணமும் உண்டு. சந்துக்குள் இருக்கும் வீட்டுக்கு எந்திரம் போக முடியாது. சம்மட்டிதான் போகும். இடிசலைச் சட்டியில் அள்ளி, தலையில் வைத்துத்தான் தெருமுனை லாரிக்குக் கொண்டு வர வேண்டும்.

பழைய சென்னை வீடுகளின் கூரையைப் பார்த்து இருக்கிறீர்களா? தேக்குக் கட்டைகளை வரிசையாகப் போட்டு இருப்பார்கள். அவற்றின் மேல் மெல்லிய செங்கற்களைச் செங்குத்தாக அடுக்கி, சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் கொட்டிக் கெட்டித்து இருப்பார்கள். "மெட்ராஸ் டெரஸ்" என்று அதற்குப் பெயர். சுண்ணாம்புக் கலவை என்பதால், தட்டினால் செங்கல் தனித்தனியாகக் கழன்று வரும்.

கான்கிரீட்டு வீடு அப்படி அல்ல. பாறை பாறையாகத்தான் வரும். மீனுக்குள் முள் இருப்பது போல, ஒவ்வொரு பாறைக்குள்ளும் கம்பி இருக்கும். ஒரு துண்டை இழுத்தால், அதோடு பிணைந்த இன்னொரு துண்டும் நகரும். எங்கே நகரும், யார் கையில் விழும் என்று சொல்ல முடியாது!

கண்ணை ஏமாற்றும் எடை

ஒரு சின்னக் கணக்கு.

ஓர் அடி நீளம், ஓர் அடி அகலம், ஓர் அடி உயரம். இவ்வளவு சிறிய கான்கிரீட்டுக் கட்டியின் எடை என்ன தெரியுமா?

சுமார் 68 கிலோ!

ஒரு செங்கல்லின் எடை ஏறக்குறைய 3 கிலோ. அந்த ஒரு கட்டி, 22 செங்கல்லுக்குச் சமம். 25 கிலோ அரிசி மூட்டை மூன்றை ஒன்றாகத் தூக்கினால் எப்படி இருக்கும்? கிட்டத்தட்ட அந்தப் பளு!

ஒரு மனிதன் எவ்வளவு எடை தூக்கலாம்? இதற்கும் ஒரு வரம்பு சொல்லி இருக்கிறார்கள். உலகத் தொழிலாளர் அமைப்பு 1967-ஆம் ஆண்டில் ஒரு பரிந்துரை செய்தது. வளர்ந்த ஆண் ஒருவர் கையால் தூக்கிச் சுமக்கும் எடை 55 கிலோவுக்கு மேல் போகக் கூடாது என்றது. பெண்களுக்கு அதைவிடவும் குறைவாகத்தான் இருக்க வேண்டும். அந்தச் சின்னக் கட்டியே வரம்பைத் தாண்டி விடுகிறது, பார்த்தீர்களா?

அரிசி மூட்டை மெத்தென்று இருக்கும். பிடிக்க நான்கு மூலை இருக்கும். கான்கிரீட்டுக் கட்டிக்குப் பிடி கிடையாது. விளிம்பு கத்தி போல இருக்கும். பார்த்தால் சிறியது, தூக்கினால் மலை. கண் ஏமாறுகிறது. தண்டனை விரலுக்குக் கிடைக்கிறது!

ஒரு கண் இமைப்பு

டீ வந்தது. பெரியவர் மூன்று விரலால் டம்ளரைப் பிடித்துக் கொண்டு சொன்னார்:

"அப்போது எனக்கு 33 வயது. சம்மட்டி ஆள். சம்மட்டி பிடித்தால் சுவர் நடுங்கும். ஒருநாள் ஒரு கான்கிரீட்டுப் பலகையை லாரியில் ஏற்ற வேண்டி இருந்தது. 3 அடி நீளம், 2 அடி அகலம், 5 அங்குலக் கனம். நான்கு பேர் பிடித்தோம். 'ஐலசா!' என்றோம். தூக்கி விட்டோம். லாரித் தட்டு வரைக்கும் வந்து விட்டோம். அங்கே ஒருவன் ஒரு கண் இமைக்கும் நேரம் முந்திக் கையை விட்டு விட்டான்!"

நான் மனத்துக்குள் கணக்குப் போட்டேன். அந்தப் பலகை சுமார் 170 கிலோ இருக்கும். அவ்வளவு எடையும் ஒரு பக்கம் சாய்ந்தது. பலகைக்கும் லாரியின் இரும்புத் தட்டுக்கும் நடுவில் பெரியவரின் இரண்டு விரல்கள்!

"சத்தம்கூட வரவில்லை, தம்பி. முதலில் வலியும் தெரியவில்லை. பலகையை நெம்பிக் கையை எடுத்துப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. ஆஸ்பத்திரியில் டாக்டர் பார்த்தார். 'எலும்பு தூள் ஆகி விட்டது. ஒட்ட வைக்க எதுவும் இல்லை' என்று சொல்லி விட்டார்."

சிறிது நேரம் அவர் பேசவில்லை. பிறகு சொன்னார்:

"தூக்கும்போது நான்கு பேரும் ஐலசா சொன்னோம். இறக்கும்போது யாரும் சொல்லவில்லை. அதுதான் தப்பு!"

ஐலசா பாட்டு அல்ல!

"ஐலசா" என்றால் நமக்கு ஒரு பாட்டு. படகு இழுப்பவரும், தேர் வடம் பிடிப்பவரும், பளு தூக்குபவரும் களைப்புத் தெரியாமல் இருக்கப் பாடுவது என்று நினைக்கிறோம்.

உண்மையில் அது ஓர் உத்தரவு! எல்லாருடைய பலமும் ஒரே நொடியில் சேர வேண்டும் என்பதற்காக ஏற்பட்ட உத்தரவு. ஒருவர் முந்தக் கூடாது. ஒருவர் பிந்தக் கூடாது.

தூக்கும்போது ஆபத்து முதுகுக்கு. இறக்கும்போது ஆபத்து விரலுக்கு! ஏன்?

தூக்கும்போது பளு தரையை விட்டு விலகிப் போகிறது. இறக்கும்போது தரையை நோக்கி வருகிறது. நடுவில் இருப்பது விரல். அதற்குள் தோளும் கையும் ஓய்ந்து போய் இருக்கும். "வேலை முடிந்தது" என்று மனமும் அசந்து விடும். அந்த நேரம் பார்த்துத்தான் விபத்து வருகிறது.

அன்று மாலை ஒரு காட்சி கண்டேன். நான்கு இளைஞர்கள் ஒரு கான்கிரீட்டுத் துண்டைத் தூக்கி வந்தார்கள். லாரித் தட்டில் இரண்டு மரக்கட்டைகளைப் பெரியவர் முன்னாலேயே வைத்து இருந்தார். கட்டைக்கு மேலே துண்டு வந்ததும் நால்வரும் நின்றார்கள்.

"ஐலசா!" என்றார் பெரியவர். துண்டு கட்டையின் மேல் மெல்ல அமர்ந்தது.

"விரல்?" என்று கேட்டார்.

"எடுத்தாச்சு!" என்று நான்கு குரல்கள்.

பிறகுதான் கடப்பாரையால் நெம்பிக் கட்டைகளை உருவினார்கள். மரக்கட்டை இருந்ததால், துண்டுக்கும் தட்டுக்கும் நடுவே விரலுக்கு இடம் இருந்தது. அந்தக் கட்டைக்கு என்ன செலவு? ஒரு காசும் இல்லை. இடிசலில் கிடந்த கட்டைதான்!

விரல் ஒரு பொம்மை

நம் ஒரு கையில் எத்தனை எலும்புகள் தெரியுமா? 27! மணிக்கட்டில் 8. உள்ளங்கையில் 5. விரல்களில் 14. கட்டை விரலுக்கு 2, மற்ற நான்கு விரல்களுக்கும் மும்மூன்று.

இன்னொரு அதிசயம். விரலை மடக்கி நீட்டும் தசை விரலுக்குள் இல்லை! நம்ப முடியவில்லையா? குழந்தைகளைக் கூப்பிட்டு ஒரு வேடிக்கை காட்டுங்கள். இடது கையால் வலது முன்கையைப் பிடித்துக் கொள்ளுங்கள். இப்போது வலது கை விரல்களை மடக்கி மடக்கி நீட்டுங்கள். முன்கையில் தசை துள்ளுவது தெரிகிறதா?

பொம்மலாட்டம் பார்த்து இருப்பீர்கள். பொம்மை ஒரு பக்கம் ஆடும். ஆட்டுகிறவர் வேறு இடத்தில் இருப்பார். நடுவில் கயிறு. அதே கதைதான். விரல், பொம்மை. முன்கைத் தசை, ஆட்டுகிறவர். நடுவில் கயிறு போல ஓடுவது தசைநாண்.

இதை ஏன் சொல்கிறேன்? உடைந்த கண்ணாடியோ, தகரமோ, கம்பி நுனியோ உள்ளங்கையில் அரை அங்குலம் கீறி விடுகிறது. காயம் சின்னது. ரத்தமும் நின்று விடுகிறது. "சரியாகி விடும்" என்று துணியைச் சுற்றிக் கொண்டு வேலைக்குப் போகிறார்கள். ஆனால் உள்ளே கயிறு அறுந்து இருந்தால்? பொம்மை ஆடாது!

ஆகவே கையில் வெட்டுப் பட்டால், ஒவ்வொரு விரலையும் தனித்தனியாக மடக்கி நீட்டச் சொல்லிப் பாருங்கள். விரல் நுனியைத் தொட்டு, "தெரிகிறதா?" என்று கேளுங்கள். ஒரு விரல் மடங்காவிட்டாலும் சரி, மரத்துப் போய் இருந்தாலும் சரி, அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அறுந்த நாணை உடனே தைத்தால் விரல் மீண்டும் வேலை செய்ய வழி உண்டு. நாள் ஆக ஆக அறுந்த முனை உள்ளே சுருங்கிக் கொள்ளும். பிறகு தைப்பது கஷ்டம்.

விரலுக்கு என்ன விலை?

ஏகலைவன் கதை நமக்குத் தெரியும். துரோணர் குருதட்சணையாகக் கேட்டது எதை? கட்டை விரலை! வில் பிடிக்கிறவனுக்குக் கட்டை விரல் போனால் எல்லாம் போயிற்று என்று அவருக்குத் தெரியும்.

சட்டத்துக்கும் அது தெரியும். வெள்ளைக்காரர் காலத்தில், 1923-ஆம் ஆண்டில், தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டம் வந்தது. எந்த உறுப்பு போனால் சம்பாதிக்கும் சக்தியில் எவ்வளவு போகும் என்று அந்தச் சட்டத்தின் அட்டவணை கணக்குச் சொன்னது. 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இப்படி ஓர் அட்டவணை உண்டு. பழைய சட்டத்தின் கணக்கைப் பாருங்கள்:

கட்டை விரல் போனால் நூற்றுக்கு 30.
ஆள்காட்டி விரல் முழுவதும் போனால் 14.
நடு விரல் முழுவதும் போனால் 12.
மோதிர விரலோ, சுண்டு விரலோ முழுவதும் போனால் 7.
ஒரு கையில் இரண்டு விரல்கள் போனால் 20.

சுண்டு விரலுக்கும் மோதிர விரலுக்கும்தான் மதிப்பு குறைவு. ஆனால் ஒரு சுத்தியலை எடுத்து, சுண்டு விரலையும் மோதிர விரலையும் நீட்டிக் கொண்டு பிடித்துப் பாருங்கள். பிடி நழுவுகிறது அல்லவா? கனமான சாமானை இறுக்கிப் பிடிக்கும் பலம் அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது. எழுதுகிறவருக்கு வேண்டுமானால் சுண்டு விரல் சின்ன விரலாக இருக்கலாம். சம்மட்டி பிடிக்கிறவருக்கு அது தூண்!

பெரியவரின் சம்மட்டி அன்றோடு போயிற்று.

"சம்மட்டி ஆளுக்கு ஒரு கூலி. சட்டி தூக்கும் ஆளுக்கு ஒரு கூலி. நான் மேல் கூலியில் இருந்து கீழ்க் கூலிக்கு வந்தேன். வீட்டில் மூன்று பிள்ளைகள். மூத்த பெண் ஏழாம் வகுப்பில் நன்றாகப் படித்துக் கொண்டு இருந்தாள். அந்த வருடத்தோடு அவளை நிறுத்தி விட்டேன். இரண்டு விரல் போனது எனக்கு. படிப்பு போனது அவளுக்கு."

இந்தக் கணக்கு எந்த அட்டவணையில் இருக்கிறது?

நான்கு எதிரிகள்

இடிசல் அள்ளும் கைக்கு நான்கு எதிரிகள் என்றார் பெரியவர்.

முதல் எதிரி, இடுக்கு. இரண்டு கல்லுக்கு நடுவில், கல்லுக்கும் லாரிக் கதவுக்கும் நடுவில், கல்லுக்கும் சுவருக்கும் நடுவில் விரல் மாட்டிக் கொள்வது. இடுக்கில் கையை விடக் கூடாது. கடப்பாரையை விட வேண்டும். பெரிய துண்டானால் சம்மட்டியால் உடைத்துச் சிறிதாக்கிக் கொள்ள வேண்டும்.

இரண்டாவது எதிரி, கம்பி. வளைந்து இறுகிக் கிடக்கும் கம்பி, வில்லில் பூட்டிய நாண் போன்றது. வெட்டியதும் படார் என்று எகிறும். கையையும் கிழிக்கும், கண்ணையும் குத்தும். வெட்டுகிறவர் பக்கவாட்டில் நிற்க வேண்டும். மற்றவர்கள் எட்டி நிற்க வேண்டும்.

மூன்றாவது எதிரி, ஆணி. பழைய கதவு, சன்னல், சட்டங்களில் ஆணி துருத்திக் கொண்டு இருக்கும். எடுத்ததும் ஆணியைப் பிடுங்க வேண்டும், அல்லது மடக்கி அடிக்க வேண்டும். "அப்புறம் பார்க்கலாம்" என்று அடுக்கினால், அது இன்னொருவர் கைக்கு வைத்த பொறி!

நான்காவது எதிரி, மறைந்து இருப்பது. ஓட்டுக்கு அடியில் தேள், பூரான். மண்ணுக்குள் கண்ணாடி. சுவருக்குள் மின்சாரக் கம்பி. இடிக்கத் தொடங்கும் முன்பே மின் இணைப்பைத் துண்டித்து விட்டார்களா என்று மேஸ்திரி உறுதி செய்து கொள்ள வேண்டும். தேள் கொட்டினால், சிறியது என்று விட்டுவிடக் கூடாது. செந்தேள் உயிருக்கே உலை வைக்கும். நேராக ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

மோதிரம் வேண்டாம்!

அங்கே ஒரு சித்தாள் அக்காளைப் பார்த்தேன். செங்கல்லில் ஒட்டிய காரையைக் கொத்திக் கொண்டு இருந்தார். கையில் வளையல் இல்லை. விரலில் மோதிரம் இல்லை.

"எல்லாவற்றையும் முந்தானையில் முடிந்து வைத்து விடுவேன், தம்பி. சாயந்திரம் வீட்டுக்குப் போகும்போதுதான் போட்டுக் கொள்வேன்" என்றார்.

கெட்டிக்காரப் பெண்மணி! லாரியில் இருந்து குதிக்கும்போது மோதிரம் ஏதாவது கொக்கியில் மாட்டினால் என்ன ஆகும் தெரியுமா? உடல் கீழே போகும். மோதிரம் மேலே நிற்கும். விரலின் தோலும் சதையும் உறை போல உரிந்து வந்து விடும். சில சமயம் விரலே போய்விடும். வேண்டுதலுக்குப் போட்ட செம்பு மோதிரமானாலும், கல்யாணத்தில் போட்ட தங்க மோதிரமானாலும் வேலை நேரத்தில் வேண்டாம்.

அவர் விரல்களில் கறுப்பாக ஏதோ மாட்டி இருந்தது. பழைய டியூபை வெட்டி, துளை போட்டு, விரலில் கோத்துக் கொண்டு இருந்தார். செங்கல் உரசி விரல் நுனி தேயாமல் இருக்க இது உதவும். அவராகக் கண்ட வழி.

"கையுறை கொடுக்க மாட்டார்களா?" என்று கேட்டேன்.

"கொடுத்தார்கள். ஆண்களுக்குத் தைத்தது. என் கைக்குத் தொளதொள என்று இருந்தது. செங்கல் நழுவி விழுந்தது. கழற்றி விட்டேன்" என்றார். பிறகு, "கை போனால் கூலி மட்டுமா போகும்? பிள்ளைக்குச் சோறு பிசைய வேண்டும். தலை வாரிப் பின்ன வேண்டும். அதை யார் செய்வார்கள்?" என்று கேட்டார்.

அளவான கையுறை கொடுக்க வேண்டும் என்பதற்கு இதைவிடக் காரணம் வேண்டுமா?

கையுறையைப் பற்றி மூன்று விஷயங்கள். துணிக் கையுறை கண்ணாடிக்கும் கம்பிக்கும் தாங்காது; உள்ளங்கையில் தோல் வைத்துத் தைத்ததே நல்லது. கையுறை கீறலைத் தடுக்கும், நசுங்குவதைத் தடுக்காது. 170 கிலோ பலகைக்குத் தோல் கையுறை எந்த மூலை? மூன்றாவதாக, சுழலும் எந்திரத்துக்குப் பக்கத்தில் தொளதொளக் கையுறை போடக் கூடாது. எந்திரம் கையுறையைப் பிடித்தால், கையையும் சேர்த்து இழுத்து விடும்.

அடிபட்டால் என்ன செய்வது?

இந்தப் பகுதியை வெட்டி வைத்துக் கொள்ளுங்கள். வீட்டில் எல்லாருக்கும் படித்துக் காட்டுங்கள்.

1. ரத்தம் வந்தால், சுத்தமான துணியைக் காயத்தின் மேல் வைத்து அழுத்திப் பிடியுங்கள். கையை நெஞ்சுக்கு மேலே தூக்கி வைத்துக் கொள்ளுங்கள். விரலைக் கயிற்றால் இறுக்கிக் கட்டாதீர்கள்.

2. காப்பித் தூள், மஞ்சள் தூள், சுண்ணாம்பு, சாணி எதுவும் வைக்காதீர்கள். அழுக்கு உள்ளே போகும். டாக்டருக்குக் காயமும் தெரியாது.

3. மோதிரம் இருந்தால் உடனே கழற்றுங்கள். வீங்கிய பிறகு கழற்ற முடியாது.

4. கம்பியோ ஆணியோ ஆழமாகக் குத்தி நின்றால் பிடுங்காதீர்கள். அசையாமல் கட்டி, அப்படியே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.

5. விரல் துண்டாகி விட்டதா? அதை எறிந்து விடாதீர்கள்! சுத்தமான ஈரத் துணியில் சுற்றுங்கள். பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டுங்கள். அந்தப் பையை ஐஸ் போட்ட தண்ணீரில் வையுங்கள். ஐஸ் கட்டி விரலின் மேல் நேராகப் படக் கூடாது. பட்டால் விரல் கெட்டு விடும். நசுங்காமல் வெட்டுப் பட்ட விரலைச் சேர்த்துத் தைக்க டாக்டர்களால் முடியும். ஆனால் சீக்கிரம் போக வேண்டும். 108-க்குப் போன் செய்யுங்கள்.

6. மண் பட்ட காயமானால் ரணஜன்னிக்கு ஊசி போட வேண்டுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். துருப்பிடித்த ஆணியால்தான் ரணஜன்னி வரும் என்று பலர் நினைக்கிறார்கள். துரு காரணம் அல்ல. மண்ணிலும் புழுதியிலும் இருக்கும் கிருமிதான் காரணம். பளபளப்பான ஆணியிலும் அது இருக்கலாம். கடைசியாக ஊசி போட்ட தேதியைக் குறித்து வைத்து இருந்தால் டாக்டருக்கு உதவியாக இருக்கும்.

சென்னை ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரியில் கை சிகிச்சைக்கு என்றே தனிப் பிரிவு இருக்கிறது. 2018-ஆம் ஆண்டில் அங்கே ஓர் அரிய ஆபரேஷன் நடந்தது. மின்சாரம் தாக்கி இரு கைகளையும் இழந்த கட்டிடத் தொழிலாளி ஒருவருக்கு, மூளைச் சாவு அடைந்த இன்னொருவரின் கைகளைப் பொருத்தினார்கள். அந்த அளவுக்கு வைத்தியம் வளர்ந்து இருக்கிறது. ஆனால் எந்த டாக்டரைக் கேட்டாலும் ஒன்றுதான் சொல்வார். பிறவியிலே வந்த கைக்கு ஈடு வேறு கை இல்லை!

சீட்டைப் பத்திரப்படுத்துங்கள்

"உங்களுக்கு நஷ்டஈடு கிடைத்ததா?" என்று பெரியவரைக் கேட்டேன்.

"காண்டிராக்டர் ஆஸ்பத்திரிச் செலவுக்குக் கொஞ்சம் பணம் கொடுத்தார். அடுத்த வாரம் வேறு ஊருக்கு வேலைக்குப் போய் விட்டார். நான் எந்த ரிஜிஸ்தரிலும் இல்லை. யாரைப் போய்க் கேட்பது? என்னவென்று கேட்பது?"

இன்று கேட்க இடம் இருக்கிறது. தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் 1994-ஆம் ஆண்டில் ஏற்பட்டது. அதில் பதிவு செய்து கொண்டவர்களுக்கு விபத்து உதவியும், பிள்ளைகளின் படிப்புக்கு உதவியும் உண்டு. ஆனால் பதிவு செய்து இருக்க வேண்டும். புதுப்பித்து இருக்க வேண்டும். விபத்து நடந்த பிறகு ஓடிப் பயன் இல்லை.

வேலைக்குப் போகும் இடம், மேஸ்திரி பெயர், வேலை செய்த நாட்கள், வாங்கிய கூலி. இந்த நான்கையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அப்பாவுக்கு எழுதத் தெரியாவிட்டால் பள்ளிக்கூடம் போகும் பிள்ளை எழுதட்டும். அடிபட்டால் ஆஸ்பத்திரிச் சீட்டை எறியாதீர்கள். "வேலை செய்யும்போது அடிபட்டது" என்று டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். நஷ்டஈடு கேட்கத் தொழிலாளர் துறை அலுவலகத்துக்குப் போகும்போது இவைதான் சாட்சி.

பெரியவரிடம் அன்று ஒரு சீட்டும், ஒரு நோட்டும் இருந்து இருந்தால், அந்தப் பெண் எட்டாம் வகுப்புக்குப் போய் இருக்கலாம் அல்லவா?

பத்தும் இருக்கிறதா?

மணி ஐந்தரை. வேலை முடிந்தது. தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி எல்லாரும் கை, கால் கழுவினார்கள். சித்தாள் அக்காள் முந்தானை முடிச்சை அவிழ்த்து வளையல்களைப் போட்டுக் கொண்டார்.

பெரியவர் ஒவ்வொருவராகப் பார்த்துக் கேட்டார்: "பத்தும் இருக்கிறதா?"

"பத்து!" என்று ஓர் இளைஞன் இரு கைகளையும் விரித்துக் காட்டினான்.

"பத்து!" "பத்து!" என்று மற்றவர்களும் காட்டினார்கள். தினமும் நடக்கும் வழக்கமாம்.

"உங்களுக்கு?" என்று ஒரு பையன் குறும்பாகக் கேட்டான்.

"எனக்கு எட்டு. உங்களுக்குப் பத்து. கூட்டிப் பார்த்தால் கணக்குச் சரிதான்" என்று பெரியவர் சிரித்தார். எல்லாரும் சிரித்தார்கள்.

அந்த எட்டு விரல்களும் அங்கே எத்தனை விரல்களைக் காப்பாற்றிக் கொண்டு இருக்கின்றன!

உங்கள் வீட்டில் இருந்தும் யாராவது இப்படி வேலைக்குப் போகலாம். அப்பாவாக இருக்கலாம். அம்மாவாக இருக்கலாம். அண்ணனாக இருக்கலாம். காலையில் புறப்படும்போது மோதிரத்தைக் கழற்றச் சொல்லுங்கள். மாலையில் வந்ததும் கூலியைக் கேட்கும் முன்பு கையைப் பாருங்கள்.

அப்புறம் ஒரு கேள்வி கேளுங்கள்: "இன்று இறக்கும்போதும் ஐலசா சொன்னீர்களா?"